டக்காக்கியா பாசியும் கிரீன்லாந்து சுறாவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒன்று, ஏறக்குறைய விரல்நகத்தளவே உயரமுள்ள பாசி. இன்னொன்று, ஐந்து மீட்டருக்கு மேலும் வளரக்கூடிய சுறா. முதலாவது பனிமலைப் பாறையில் ஒட்டிக் கிடக்கிறது. இரண்டாவது வட அட்லாண்டிக்கிலும் ஆர்க்டிக்கிலும் இருண்ட குளிர்நீரில் மெதுவாக நீந்துகிறது. இரண்டும் குறைந்துவருகின்றன. இவற்றை ஒன்றாக வைத்துப் பேசினால் வழக்கமாக எழும் கேள்விகளும், என் பதில்களும் கீழே.

பாசியையும் சுறாவையும் எதற்காக ஒப்பிட வேண்டும்? சம்பந்தமே இல்லையே?

சம்பந்தம் இருக்கிறது. இரண்டும் குளிருக்குப் பழகியவை, மிக மெதுவாக வாழ்பவை. அவசரமில்லாத அந்த வாழ்க்கைதான் இதுவரை இவற்றைக் காப்பாற்றியது. இப்போது இவற்றுக்கு ஆபத்தாக இருப்பதும் அதே மெதுவான வாழ்க்கைதான். ஆனால் ஆபத்து வரும் வழி வேறு வேறு. "அழியும் உயிரினம்" என்று நாம் ஒரே சொல்லைச் சொல்லிவிட்டு, எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியம் இருப்பதுபோல நினைத்துக்கொள்கிறோம். காய்ச்சல் என்று வருகிற எல்லோருக்கும் ஒரே மாத்திரை கொடுப்பது போன்றது அது. இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் அந்தத் தவறு நன்றாகத் தெரியும்.

பாசி என்றால் குளத்தில் படர்ந்து கால் வழுக்குமே, அதுவா?

இல்லை. தமிழில் "பாசி" என்ற ஒரே சொல் இரண்டு மூன்று வேறு உயிர்களுக்குப் பொதுவாகிவிட்டது. குளத்துத் தண்ணீரில் பச்சையாகப் படர்வது பெரும்பாலும் ஆல்கா. இங்கே பேசுவது மாஸ் என்று தாவரவியல் பாடத்தில் வரும் நிலத்தாவரத்தைப் பற்றி. ஈரச்சுவரிலும் மரப்பட்டையிலும் வெல்வெட் துணி விரித்ததுபோல் இருக்குமே, அந்தக் கூட்டம். சிறு தண்டும் இலைகளும் உண்டு. உண்மையான வேர் கிடையாது, பூ கிடையாது, விதை கிடையாது. ஸ்போர் எனப்படும் தூள்போன்ற நுண்ணிய வித்துகளாலும் உடைந்த துண்டுகளாலும் பரவும்.

டக்காக்கியா பார்க்க எப்படி இருக்கும்?

உயரம் ஒன்றிரண்டு சென்டிமீட்டர். உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தால்தான் அதன் விசேஷம் தெரியும். மற்றப் பாசிகளின் இலை மெல்லிய தகடுபோல இருக்கும். டக்காக்கியாவின் இலையோ சின்னஞ்சிறு விரல்கள்போல உருண்டு, இரண்டாக மூன்றாகப் பிரிந்து நிற்கும். தொட்டால் முறியும். முறிந்த துண்டு ஈரமான இடத்தில் விழுந்தால் அதுவே புதுச் செடியாகலாம்.

இந்த இலைதான் அறிஞர்களை நூறாண்டுக்கும் மேல் குழப்பியது. 19-ஆம் நூற்றாண்டில் சிக்கிமில் கிடைத்த மாதிரியைப் பார்த்தவர்கள் அதை ஈரல் பாசி என்னும் வேறொரு கூட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். பிறகு ஜப்பானின் மலைகளில் நோரியோ தகாகி என்ற தாவரவியலாளர் இதைக் கண்டெடுத்தார். 1958-ல் அவர் பெயராலேயே டக்காக்கியா என்ற பேரினம் உருவானது. அப்போதும் இது எந்தக் கூட்டம் என்று தீரவில்லை. வித்துப்பையைப் பார்த்தால் சொல்லிவிடலாம், ஆனால் வித்துப்பை யார் கண்ணிலும் படவில்லை. 1990-களில்தான் அலாஸ்காவை ஒட்டிய அலூசியன் தீவுகளில் வித்துப்பையோடு செடிகள் கிடைத்தன. அந்தப் பை திருகுபோல ஒரே கோடாக வெடித்துத் திறப்பதைக் கண்டபிறகே "சரி, இது மாஸ்தான்" என்று முடிவானது.

இந்தப் பேரினத்தில் மொத்தம் இரண்டே இனங்கள்: டக்காக்கியா லெபிடோசியாய்டீஸ், டக்காக்கியா செரட்டோஃபில்லா. முதல் இனத்தில் இதுவரை ஆண் செடியையே யாரும் பார்த்ததில்லை.

கிரீன்லாந்து சுறா?

சோம்னியோசஸ் மைக்ரோசெபலஸ் என்பது அறிவியல் பெயர். தூங்குசுறாக் குடும்பத்தைச் சேர்ந்தது, பெயருக்கு ஏற்ற நடை. சராசரியாக நொடிக்கு 0.34 மீட்டர்தான் நீந்துகிறது. நாம் சாவகாசமாக நடப்பதைவிடவும் குறைவு. பூஜ்ஜியத்தை ஒட்டிய குளிர்நீரில் வாழ்கிறது, 2,000 மீட்டருக்கும் கீழே படமாக்கப்பட்டிருக்கிறது. ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாகவே வளர்கிறது. பல சுறாக்களின் கண்ணில் ஓட்டுடலி வகையைச் சேர்ந்த ஓர் ஒட்டுண்ணி தொங்கிக்கொண்டிருக்கும். மீன்களையும் கடல்நாய்களையும் தின்னும், செத்து மிதப்பதையும் விடாது.

இரண்டில் எது வயதில் மூத்தது?

எந்த வயதைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

தனி உயிரின் வயது என்றால் சுறா. முதுகெலும்புள்ள விலங்குகளில் நமக்குத் தெரிந்து மிக நீண்ட ஆயுள் அதற்குத்தான். பரம்பரையின் வயது என்றால் பாசி. டக்காக்கியாவின் வழி 39 கோடி ஆண்டுகளுக்கு முன்பே தனியாகப் பிரிந்துவிட்டது என்று 2023-ல் வெளியான மரபணுத்தொகுதி ஆய்வு கணக்கிட்டது. 16.5 கோடி ஆண்டுப் பழைய புதைபடிவத்தில் இருக்கும் செடியின் உருவமும் இன்றைய செடியின் உருவமும் கிட்டத்தட்ட ஒன்றேதான்.

சுறாக்கள் என்ற கூட்டம் அதே அளவுக்குப் பழையதுதான். ஆனால் கிரீன்லாந்து சுறா என்ற இந்த ஓர் இனம், தன் பசிபிக் உறவினரிடமிருந்து பிரிந்து சில பத்து லட்சம் ஆண்டுகளே ஆகின்றன. பரம்பரைக் கணக்கில் பாசிக்கு முன்னால் அது நேற்றுப் பிறந்த குழந்தை.

சுறாவுக்கு 400 வயது என்கிறார்களே, எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது.

மீனின் வயதை வழக்கமாகச் செவிக்கல்லிலோ முதுகெலும்பிலோ உள்ள வளையங்களை எண்ணிச் சொல்வார்கள். சுறாவுக்குச் செவிக்கல் கிடையாது. இந்தச் சுறாவின் முதுகெலும்போ மென்மையானது, வளையமே படியாது. அதனால் ஆய்வாளர்கள் கண்ணை எடுத்தார்கள். கண்வில்லை வெங்காயம்போல அடுக்கடுக்காக வளர்வது. நடுவில் இருக்கும் மிகச்சிறிய மணி, குட்டி தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகிவிடும். அதற்குப்பிறகு அங்குள்ள புரதம் மாறுவதே இல்லை. சாகும்வரை பிறந்த காலத்துக் கார்பனை அப்படியே வைத்திருக்கும். அடுக்குகளை ஒவ்வொன்றாக உரித்து, அந்த நடுமணியில் கதிரியக்கக் கார்பனை அளந்தார்கள்.

1950-களிலும் 60-களிலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் உலகம் முழுக்கக் கதிரியக்கக் கார்பன் கூடியது. அது ஒரு கால முத்திரைபோல. சோதித்த 28 பெண் சுறாக்களில் மிகச் சிறிய சிலவற்றில்தான் அந்த முத்திரை இருந்தது. மற்றவை எல்லாம் அதற்கு முன் பிறந்தவை. ஐந்து மீட்டர் நீளமிருந்த மிகப் பெரிய சுறாவின் வயது 392 என்று மதிப்பிட்டார்கள், கூடக்குறைய 120 ஆண்டு. அதாவது குறைந்தது 272. இந்த ஆய்வு 2016-ல் வெளியானது. "400 வயது" என்று எல்லா இடத்திலும் ஓடுவது இந்த நடு மதிப்புதான். அந்த 120-ஐ யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

அதைவிட முக்கியமான எண் ஒன்று அதே ஆய்வில் உண்டு. பெண் சுறா குட்டி போடும் பருவத்துக்கு வர ஏறக்குறைய 150 ஆண்டுகள் ஆகின்றன.

சிவப்புப் பட்டியலில் இவை எங்கே இருக்கின்றன?

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிடும் சிவப்புப் பட்டியலில் கிரீன்லாந்து சுறா 2020-லிருந்து "அழிவாய்ப்பு இனம்". அதற்கு முன்பு ஒருபடி கீழே, "அச்சுறுத்தலை நெருங்கியது" என்று இருந்தது. டக்காக்கியா செரட்டோஃபில்லாவுக்கும் அதே "அழிவாய்ப்பு இனம்" முத்திரைதான்.

ஆனால் ஒரே முத்திரை என்பதால் ஒரே நிலை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஓர் இனம் எவ்வளவு குறைந்தது என்பதைப் பத்து ஆண்டு அல்லது மூன்று தலைமுறை, இதில் எது நீண்டதோ அந்தக் காலத்துக்குப் பார்ப்பது பட்டியலின் விதிகளில் ஒன்று. பெரும்பாலான உயிர்களுக்கு இது நல்ல விதி. கிரீன்லாந்து சுறாவுக்கு மூன்று தலைமுறை என்றால் 450 ஆண்டுக்குக் குறையாது. 450 ஆண்டுக்கு முன் கடலில் எத்தனை சுறா இருந்தது என்று எந்தப் பதிவேடு சொல்லும்? பழைய மீன்பிடிக் கணக்குகளை வைத்து ஊகிக்கத்தான் முடியும். பாசியிலோ, தானாகத் துண்டாகிப் பரவும் செடியில் ஒரு தலைமுறை எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று பிரிப்பதே கஷ்டம்.

பாசி குறைகிறது என்று எப்படிச் சொல்கிறார்கள்? யார் போய் எண்ணுவது?

போய்த்தான் எண்ணுகிறார்கள். 2023 ஆய்வின் குழு பத்து ஆண்டுகளுக்கும் மேலாகத் திபெத் பீடபூமியில் 4,000 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கியது. மூச்சு வாங்கும் உயரத்தில், வெயிலும் பனியும் ஒரே நாளில் மாறிமாறி வரும் இடத்தில், பாறையில் பாசி எவ்வளவு பரப்பை மூடியிருக்கிறது என்று ஆண்டுதோறும் அளப்பது. அந்தப் பரப்பு ஆண்டுக்கு 1.6 சதவீதம் குறைந்துவந்தது என்று கண்டார்கள்.

1.6 என்பது சின்ன எண்ணாகத் தோன்றும். அதே வேகம் நீடித்தால் 43 ஆண்டில் பாதி போய்விடும். 39 கோடி ஆண்டு இருந்த ஒன்றின் பாதி, ஒரு மனிதரின் வேலைக்காலத்துக்குள். இந்த நூற்றாண்டின் முடிவில் உலகம் முழுக்க இந்தப் பாசிக்கு ஏற்ற இடம் 1,000 முதல் 1,500 சதுர கிலோமீட்டர் அளவுக்குச் சுருங்கிவிடும் என்பது அதே ஆய்வின் கணிப்பு.

எதனால் குறைகின்றன?

சுறாவுக்குப் பதில் தெளிவானது: மீன்பிடிப்பு. முதலில் ஈரல் எண்ணெய்க்காகப் பிடித்தார்கள். விளக்கெரிக்கவும் இயந்திரங்களுக்கு மசகாகவும் அந்த எண்ணெய் பயன்பட்டது. ஐஸ்லாந்து, நார்வே, கிரீன்லாந்து என்று பல நூற்றாண்டு நடந்த தொழில் அது. 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் செயற்கை எண்ணெய் வந்தபிறகு ஓய்ந்தது. இப்போது சுறாவைத் தேடிப் போகிறவர்கள் மிகக் குறைவு. ஆனால் வேறு மீனுக்குப் போட்ட இழுவலையிலும், நீண்ட கயிற்றில் கிளைக்கயிறுகளாகப் பல தூண்டில்கள் தொங்கும் ஆயிரங்கால் தூண்டிலிலும் கூடவே மாட்டிக்கொள்கிறது. ஆண்டுக்கு ஏறக்குறைய 3,500 சுறா இப்படிச் சிக்குவதாக மதிப்பீடு.

இங்கே அந்த 150 ஆண்டைச் சேர்த்துப் பாருங்கள். இன்று முதல்முறையாகத் தாயாகும் ஒரு சுறா 1870-களில் பிறந்தது. எண்ணெய்த் தொழில் மும்முரமாக நடந்த காலத்தில் கொல்லப்பட்ட இளம் சுறாக்கள் பிழைத்திருந்தால், இப்போதுதான் குட்டி போட ஆரம்பித்திருக்கும். தொழில் நின்று பல பத்தாண்டுகள் ஆகியும் கடலில் அந்தக் காலிடம் நிரம்பவில்லை. நிரம்புவதற்கு இன்னும் நேரமே வரவில்லை.

பாசியின் கதை வேறு. அதை யாரும் பறித்து விற்பதில்லை, உண்பதுமில்லை. அது வாழும் இடம் சூடாகிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். ஆண்டில் எட்டு மாதம் பனிக்கு அடியில் கிடந்து பழகிய செடி அது. பனி அதைக் காற்றிலிருந்தும் கடுங்குளிரிலிருந்தும் காக்கும் போர்வை, உருகும்போது தண்ணீரும் அதுவே. பனியாறு பின்வாங்கப் பின்வாங்க அந்தப் போர்வை விலகுகிறது. மலையில் இன்னும் மேலே ஏறிப் போகலாமே என்றால், உச்சிக்கு மேல் இடமில்லை.

இத்தனை கோடி ஆண்டு தாங்கியது, இதையும் தாங்காதா?

நியாயமான கேள்வி. இமயமலை எழும்புவதற்கு முன்பிருந்தே, ஏறக்குறைய ஆறரைக் கோடி ஆண்டுகளாக, இந்தப் பாசி அந்த நிலத்தில் இருக்கிறது. காலடியில் தரை உயர்ந்து உயர்ந்து மலையானபோது அதுவும் கூடவே உயர்ந்தது. கடும் புற ஊதாக் கதிரைத் தாங்கவும், கதிரால் சிதைந்த மரபுப்பொருளைச் சரிசெய்யவும் அதன் மரபணுக்கள் மாறின. ஆய்வில் எல்லோரையும் வியக்கவைத்தது இதுதான்: வெளித்தோற்றம் மாறாத இந்தச் செடிக்குள், வேகமாகப் பரிணமித்த மரபணுக்கள் மிக அதிக எண்ணிக்கையில் இருந்தன. அதனால் "வாழும் புதைபடிவம்" என்ற பட்டம் இதற்குப் பாதிதான் பொருந்தும்.

ஆனால் மரபணுவின் "வேகம்" லட்சக்கணக்கான ஆண்டுக் கணக்கு. மலை எழும்ப எடுத்துக்கொண்ட நேரம் அதற்குப் போதுமானதாக இருந்தது. பத்திருபது ஆண்டில் மாறும் வெப்பநிலையை எந்த மரபணுவும் துரத்திப் பிடிக்காது. அதிலும் ஆண் செடியே தென்படாத இனத்தில், தாயும் பிள்ளையும் ஒரே அச்சாக இருக்கும். புதுச் சேர்க்கைகள் பிறக்க வழி குறைவு.

எதைக் காப்பாற்றுவது எளிது?

"எளிது" என்று எதையும் சொல்ல மனம் வரவில்லை. ஆனாலும் கேட்டால், சுறாவை என்பேன். சுறாவுக்குத் தீங்கு செய்யும் கை எது என்று தெரிகிறது. அந்தக் கையை எடுத்தால் போதும். 2022-ல் வடமேற்கு அட்லாண்டிக் மீன்பிடி அமைப்பு, தன் பொறுப்பில் உள்ள பன்னாட்டுக் கடற்பரப்பில் பிடிபடும் கிரீன்லாந்து சுறாவைக் கப்பலில் வைத்துக்கொள்ளத் தடை விதித்தது. மாட்டினால் திரும்பக் கடலில் விட வேண்டும்.

விடுவது எப்படி என்பதும் முக்கியம். ஆயிரங்கால் தூண்டிலில் மாட்டிய சுறா உருண்டு உருண்டு, கிளைக்கயிறுகளை வாலிலும் உடம்பிலும் சுற்றிக்கொள்ளும். அந்தச் சிக்கலைப் பொறுமையாக அறுத்துவிட வேண்டும். குளிரில் கை விறைத்துக்கொண்டு, ஆடும் கப்பலில், ஒரு டன்னை நெருங்கும் விலங்கின் பக்கத்தில் நின்று செய்யும் வேலை. தூண்டில் போட்டு அதிகநேரம் விடாமல் சீக்கிரம் இழுத்தால் சிக்கலும் குறையும், உயிரோடு திரும்பும் வாய்ப்பும் கூடும். காப்பாற்றுதல் என்பது இங்கே ஒரு கத்தியும் சில நிமிடங்களும்தான். அதைச் செய்ய மனமுள்ள மீனவர்களும் நேரத்தை அனுமதிக்கும் விதிகளும் வேண்டும்.

பாசிக்கு அறுத்துவிடக் கயிறு கிடையாது. அது வளரும் மலையைச் சுற்றி வேலி போட்டாலும் வெப்பம் வேலியைத் தாண்டும். புகையை விடுபவர்கள் அந்த மலையையே பார்த்திராதவர்கள். அதனால்தான் இரண்டையும் ஒரே "அழிவாய்ப்பு" வரிசையில் வைத்துவிட்டு நகர்ந்துபோவது எனக்குச் சம்மதமில்லை. சுறாவுக்கு மீன்பிடி விதி வேண்டும், காத்திருக்கும் பொறுமை வேண்டும். பாசிக்குக் காத்திருக்க நேரமே இல்லை.

காலநிலை மாற்றம் சுறாவை ஒன்றும் செய்யாதா?

செய்யும். கடற்பனி குறையக் குறைய மீன்பிடிக் கப்பல்கள் இன்னும் வடக்கே போக முடிகிறது. இதுவரை யாரும் தொடாத நீரிலும் வலை விழும்.

பாசிக்கு ஏன் இவ்வளவு குறைவான கவனம்?

கண்ணுக்குத் தெரிவதற்குத்தான் கவனம் கிடைக்கும். சுறா, திருக்கை வகைகளில் ஏறக்குறைய 1,200 இனங்களையும் உலக அளவில் மதிப்பிட்டு முடித்துவிட்டார்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அழியும் ஆபத்தில் இருப்பதாக 2021-ல் கணக்கு வந்தது. மாஸ்களில் மட்டும் பன்னிரண்டாயிரத்தை ஒட்டிய இனங்கள் உண்டு. உலகப் பட்டியலில் மதிப்பிடப்பட்டவை அதில் சிறு பகுதியே. ஐரோப்பாவில் மட்டும் 2019-ல் முழுமையாகப் பார்த்தார்கள், மாஸும் அதன் உறவுத் தாவரங்களுமாக. நான்கில் ஒன்றை ஒட்டி, 22.5 சதவீதம், ஆபத்தில் இருந்தன. தேடிப் பார்த்த இடத்தில் இந்த நிலை என்றால், பார்க்காத இடங்களை நினைத்துக் கவலைப்படாமல் இருக்க முடியவில்லை.

இவை போய்விட்டால் என்ன நஷ்டம்?

சுறா போனால் ஆர்க்டிக் கடலில் பெரிய வேட்டையாடி ஒன்றும், செத்ததைத் தின்று சுத்தம் செய்யும் வாய் ஒன்றும் போகும். நூற்றாண்டுகள் ஓயாமல் துடிக்கும் ஓர் இதயம் எப்படித் தாக்குப்பிடிக்கிறது, அந்த உடம்பு முதுமையை எப்படித் தள்ளிப்போடுகிறது என்று இப்போதுதான் படிக்க ஆரம்பித்திருக்கிறார்கள். அந்தப் பாடமும் பாதியில் நிற்கும்.

டக்காக்கியா போனால் மலைக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது என்று சிலர் சொல்வார்கள். அது மூடியிருக்கும் பரப்பு சிறியதுதான், மறுக்கவில்லை. ஆனால் நிலத்துக்குத் தாவரங்கள் ஏறிவந்த தொடக்க காலத்தோடு நமக்குள்ள உயிருள்ள தொடர்புகளில் இது ஒன்று. நெருங்கிய உறவு என்று இதற்கு வேறு பேரினமே கிடையாது. இரண்டு இனமும் போனால் 39 கோடி ஆண்டு வளர்ந்த கிளை அடியோடு முறியும்.

டக்காக்கியாவை ஆய்வகத்தில் வளர்த்துத் திரும்ப நட முடியாதா?

முயன்று பார்த்திருக்கிறார்கள். ஆய்வகத்தில் பெருக்கிய செடிகளைத் திபெத்தில் கொண்டுபோய் நட்டு ஐந்து ஆண்டு கவனித்ததில், சில செடிகள் உயிர்பிடித்து நன்றாக வளர்ந்தன. எல்லாம் அல்ல, சில. துண்டிலிருந்து துளிர்க்கும் அந்தப் பழைய குணம் இங்கே கைகொடுக்கிறது. 150 ஆண்டு காத்திருந்து குட்டி போடும் சுறாவை இப்படித் தொட்டியில் பெருக்க நினைக்கவே முடியாது. இந்த ஒன்றில் பாசிக்கு வாய்ப்பு கூடுதல். நடுவதற்கு எட்டு மாதம் பனி நிற்கும் பாறை ஒன்று மிச்சமிருக்க வேண்டும்.